ஆண்டறிக்கையில் ஒரு வரி

பொது நிர்வாகத் துறையில் அவரை எல்லோரும் ‘அறிக்கை சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்று வாசல் காவலாளி கையை விரித்துவிடுவார். மாநில அரசின் துறைகள் எல்லாம் ஓர் ஆண்டில் என்ன செய்தன என்று கேட்டு வாங்கி, வெட்டி, ஒட்டி, ஒரே நடையில் எழுதி, அச்சடித்துச் சட்டசபையில் வைப்பது அந்தத் துறையின் பொறுப்பு. துறையின் பொறுப்பு என்பது பேச்சுக்கு. அது பிரிவு அலுவலரான அவர் தலையில்தான் வந்து விடிந்தது.

நிதியாண்டு முடிந்ததும் எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போகும். ஒருவரும் அசைய மாட்டார்கள். நினைவூட்டுக் கடிதம் போகும். அதற்கும் அசைய மாட்டார்கள். பிறகு இவர் ஒவ்வொரு துறையாகப் படியேறி, பல்லைக் காட்டி, கெஞ்சி, சில இடங்களில் குரலை உயர்த்தி வாங்கிக்கொண்டு வருவார். பாதிப் பேர் போன வருஷத்து அறிக்கையில் ஆண்டை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்கள். ஒரு துறை அதைக்கூட மாற்றாமல் தந்தது. “இந்தப் புத்தகத்தைப் படிக்கிறது ரெண்டே பேரு. எழுதுற நீங்க, பிழை பாக்குற நான். அதுலயும் நான் பாதியில தூங்கிடுவேன்” என்று அச்சகத்து மேலாளர் வருஷம் தவறாமல் ஒரே வேடிக்கையைச் சொல்வார். இவரும் வருஷம் தவறாமல் சிரித்து வைப்பார். அலுவலகத்தில் பழைய பிரதிகள் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நின்றன.

ஆனாலும் அவருக்கு அந்த வேலையில் ஓர் ஒட்டுதல் உண்டு. ஒரு மாநிலத்தின் ஒரு வருஷம் முழுவதும் தன் மேசை வழியாகப் போகிறது என்று ரகசியமாகக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு வருஷத்து மழையில்தான் அவருடைய அக்கா மகள் செத்துப்போனாள்.

வேறோர் ஊரில், அரசு மருத்துவமனையில் செவிலி. பழைய கட்டடத்தில் வார்டு. கூரை ஒழுகுகிறது என்று பலமுறை எழுதிக்கொடுத்திருந்தார்கள். அன்று பகல் பணியில் இருந்தவள், தண்ணீர் சொட்டும் பக்கத்திலிருந்த ஒரு கிழவியின் கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். கூரை அப்படியே இறங்கிவிட்டது. கிழவியும் போனாள், இவளும் போனாள். சில நாட்கள் பத்திரிகையில் வந்தது. அமைச்சர் வந்து பார்த்தார். விசாரணைக்கு உத்தரவு போட்டார்கள். அதோடு சரி.

அக்கா சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். தையல் கடை வைத்து, ஒற்றை ஆளாக நின்று அந்தப் பெண்ணைப் படிக்கவைத்தவள். வாய்த்துடுக்கு அதிகம். அவள் கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். மகள் போன பிறகு அவளைத் தனியாக விட மனமில்லாமல் இவர் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வந்தவள் உள் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, துவைத்து மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டாயா என்றால் தலையை ஆட்டுவாள். தூங்கினாயா என்றால் அதற்கும் ஆட்டுவாள். இவர் மனைவி, “அண்ணி, என்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று கெஞ்சிப் பார்த்தாள். கல்லில் நார் உரித்த மாதிரிதான்.

ஒரு காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா அறை வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, வருஷா வருஷம் ஒரு புத்தகம் போடுவியே. அதுல இது வருமா?”

அவள் தானாக வாய் திறந்து கேட்டதே பெரிய விஷயமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“வரும்க்கா. வராம எப்படி?”

“பேரெல்லாம் போடவேண்டாம். வேலையில இருந்தப்போ ஒருத்தி செத்தான்னு இருந்தா போதும். எங்கயாவது அது எழுதியிருக்கணும்டா. இல்லேன்னா நாளைக்கு நானும் போயிட்டா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லேன்னு ஆயிடும்.”

அவள் உள்ளே போனதும் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “முடியுமான்னு கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்த்தார்.

சுகாதாரத் துறையின் அறிக்கை வந்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைப் பிரித்தார். ‘பழைய கட்டடங்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு, நோயாளிகளின் பாதுகாப்பு முழுமையாக உறுதி செய்யப்பட்டுள்ளது’ என்று இருந்தது. இரண்டுமுறை படித்தார். தொலைபேசியை எடுத்து அந்தத் துறையின் உதவியாளரைப் பிடித்தார்.

“சார், நீங்க எதைச் சொல்றீங்கன்னு தெரியுது. ஆனா அது விசாரணையில இருக்கு. விசாரணையில இருக்குறதை நாங்க எப்படி எழுதறது?”

“விசாரணை எப்ப முடியும்?”

“அதை யாரு கண்டா? முடிஞ்சாலும் எழுத முடியாது சார். அப்போ அது பழைய வருஷத்து விஷயம் ஆயிடும். புது அறிக்கையில பழைய வருஷம் வராது. இந்த விதிமுறையே உங்க துறை போட்டதுதானே.”

உதவியாளர் கிண்டல் செய்யவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்த விதியைச் சுற்றறிக்கையில் ஆண்டுதோறும் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு அனுப்புவது இவர்தான்.

போனை வைத்துவிட்டுத் தானே ஒரு வரி எழுதினார். ‘பருவமழையின்போது மருத்துவமனைக் கூரை இடிந்து, பணியிலிருந்த செவிலியர் ஒருவரும் நோயாளி ஒருவரும் உயிரிழந்தனர்.’ இத்தனை வருஷத்தில் எந்தத் துறையின் அறிக்கையிலும் அவர் வெட்டியிருக்கிறார், சேர்த்ததில்லை.

இணைச் செயலாளர் அம்மாவிடம் ஃபைல் போனது. அவர் நல்ல மனுஷி. யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். இவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“இது உங்க அக்கா பொண்ணுதானே?”

“ஆமா மேடம்.”

“அதனாலதான் எழுதினீங்களா?”

இவர் மேசைமேல் இருந்த ஃபைலைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. மத்த வருஷமெல்லாம் யாரும் சாகலையா சார்? நாம எழுதினோமா?” இணைச் செயலாளரின் குரலில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது. “கேஸ் நடக்குது. இந்த வரியை இப்படியே மேல அனுப்பினா, கூரை இடிஞ்சது தன் தப்புதான்னு அரசாங்கமே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும். என்னையும் உங்களையும் சேர்த்து வறுத்து எடுத்துடுவாங்க.”

“ஏதாவது ஒரு வரி மேடம். நான் அக்காகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்.”

இணைச் செயலாளர் பேனாவை எடுத்தார். பிறகு இவர் எழுதியதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினார். ‘பணியின்போது உயிர்நீத்த மருத்துவப் பணியாளர்களின் சேவையை அரசு நன்றியுடன் நினைவுகூர்கிறது.’

“கூரையும் இல்ல, மழையும் இல்ல. ஆனா அவ இருக்கா. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

இவர் கைகூப்பிவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல், “அக்கா, ஒரு வரி வருதுக்கா” என்றார். அந்த வரியைச் சொல்லிக்காட்டினார். அக்கா அதை மெல்லத் திருப்பிச் சொல்லிப்பார்த்தாள். “நினைவுகூர்கிறது” என்ற இடத்தில் நிறுத்தி, “நல்லா இருக்குடா. பெரிய மனுஷங்க எழுத்து மாதிரி இருக்கு” என்றாள். அன்று அவள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுவாரம் மனைவியின் பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்து, “இதை எவன் தைச்சான், மூட்டைக்குத் தைச்ச மாதிரி” என்று திட்டினாள். மனைவி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

பிழைதிருத்தும் கடைசிப் படி அச்சகத்திலிருந்து திரும்பி வந்தபோது அந்த வரி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. இடிந்த வார்டு நின்ற இடத்தில் எழும்பியிருந்த புதுக் கட்டடம், அதன் வாசலில் ரிப்பன், கத்தரிக்கோலுடன் ஒரு கை.

மாடிப்படிகளை எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. இணைச் செயலாளர் அவர் முகத்தைப் பார்த்ததும் தானே சொல்லிவிட்டார்.

“போட்டோ மேல இருந்து வந்தது சார். கண்டிப்பா போடணும்னாங்க. பக்கம் கூடக்கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. எதையாவது எடுக்கணும்ல.”

“வேணாம்னு யாராவது சொன்னாங்களா மேடம்? அந்த வரி வேணாம்னு?”

“இல்ல சார். யாரும் அதைப் படிக்கவே இல்ல. இடம் பத்தலன்னு அச்சகத்துல எடுத்துட்டாங்க.”

யாராவது எதிர்த்து நின்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மிரட்டியிருந்தால் பொருமியிருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

தன் இடத்துக்கு வந்து, சுகாதாரத் துறையின் பணியிட அட்டவணையை வெறித்துப் பார்த்தார். காலிப் பணியிடங்கள் என்று ஒரு பத்தி இருந்தது. அதிலாவது அக்கா மகள் இருப்பாள் என்று புத்தி எங்கோ ஓடியது. அவள் போனதால் விழுந்த ஒரு காலி. மறுபடி உதவியாளருக்குப் போன் செய்தார்.

“அது காலியில வராது சார். மறுமாசமே ஆள் போட்டாச்சு. எங்க துறையில இவ்வளவு வேகமா நடந்த நியமனமே கிடையாது” என்று சொல்லிக்கொண்டே வந்த உதவியாளர் சட்டென்று நிறுத்தினார். “மன்னிச்சிருங்க சார். வாய் தவறிடுச்சு.”

“பரவால்ல” என்று இவர் வைத்துவிட்டார்.

புத்தகம் சட்டசபையில் வைக்கப்பட்டது. அக்கா தினமும், “அச்சாயிடுச்சா?” என்று கேட்டாள். இன்றில்லை, நாளை என்று இழுத்தடித்தார். மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். “இப்பவே சொல்லிடுங்க. தள்ளத் தள்ள இன்னும் மோசமாகும்” என்றாள். சொல்லத்தான் போனார். “அக்கா” என்று ஆரம்பித்தவர், அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

நேராக அந்தப் பக்கத்தைத் தேடுவாள், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தார். அக்கா அப்படிச் செய்யவில்லை. முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தம்பி எழுதிய புத்தகம், அதில் மகள் இருக்கிறாள். முழுதாகப் படிக்கவேண்டும் என்று இருந்துவிட்டாள்.

கால்நடைத் துறை போட்ட தடுப்பூசிகளைப் படித்தாள். தூர்வாரிய கால்வாய்களைப் படித்தாள். காலையில் அவர் கிளம்பும்போது கூட்டுறவில் இருப்பாள், சாயங்காலம் வரும்போது கைத்தறிக்கு வந்திருப்பாள். “ஏம்ப்பா, இவ்வளவு மீன் குஞ்சா விட்டாங்க ஒரு வருஷத்துல?” என்று ஆச்சரியப்படுவாள். அடையாளத்துக்கு வைத்த நூல்துண்டு பக்கம் பக்கமாக நகர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுவோம் என்று வாசலேறுவார். அவள் ஏறிட்டுப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் சுகாதாரத் துறைக்கு வந்து சேர்ந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பின்னால் புரளும் சத்தம். மறுபடி முன்னால்.

“தம்பி, எந்தப் பக்கம்டா?”

அவர் தாளை மடித்தார். “எடுத்துட்டாங்கக்கா.”

“ஏன்?”

“இடம் இல்லன்னு.”

அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். அந்தப் படத்தைப் பார்த்தாள். கையால் ஒருமுறை தடவினாள்.

“அந்த வரிக்கு எவ்வளவுடா இடம் வேணும்?”

மனைவி அடுக்களை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா நானும் ஒருதடவை கேட்டுட்டு விட்டிருப்பேன்” என்றாள் அக்கா. “வரும்னு சொன்ன. அப்புறம் வருதுன்னு சொன்ன. இத்தனை நாளா நான் படிச்சிட்டிருக்கேன், நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தியேடா.”

“எனக்கு வாய் வரலக்கா.”

“அவளுக்கு வரியும்தான் வரல” என்றாள்.

கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலை பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மனைவி கையைப் பிடித்துத் தடுத்தாள், “எங்க மேல கோவமா அண்ணி?” என்று கேட்டாள். “உன் மேல என்னம்மா கோவம்? எனக்கு என் வீட்டுல இருக்கணும்” என்றாள் அக்கா. பேருந்து நிலையம்வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். வண்டி புறப்படும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அவர் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தார். இணைச் செயலாளர் அதை மேலே அனுப்பவில்லை. “உங்களை விட்டா இந்தப் புத்தகத்தை யாரு சார் செய்வா?” என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

நிதியாண்டு முடிந்தது. பழையபடி சுற்றறிக்கை போனது, நினைவூட்டு போனது, அவர் படியேறி வாங்கி வந்தார். போக்குவரத்துத் துறையின் அறிக்கை அந்த ஆண்டு முதல் ஆளாக வந்துவிட்டது. அந்த நிதியாண்டுக்குள்தான் அரசுப் பேருந்து ஒன்று பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தது, அவரும் பார்த்தார். அறிக்கையில், ‘பாதுகாப்பான பயணம் என்ற இலக்கில் துறை குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது’ என்று இருந்தது.

அவர் பேனாவைத் திறந்தார். அந்த வரியைக் கொஞ்சநேரம் பார்த்தார். அதற்கு அடுத்த வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதைத் திருத்தினார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, ஃபைலை எடுத்து வெளியே போகவேண்டிய அடுக்கில் வைத்தார்.

அன்று சாயங்காலம் மனைவி அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டொரு வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள். கடையை மறுபடி திறந்துவிட்டாளாம், ஆனால் யாரிடமும் பேச்சுக்கொடுப்பதில்லையாம், அளவை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறாளாம். “அண்ணி, உங்க தம்பி வந்துட்டார், தரட்டுமா?” என்று மனைவி கேட்பது இவர் காதில் விழுந்தது. எழுந்து கையை நீட்டினார்.

மனைவி காதில் வைத்தபடியே சற்று நேரம் நின்றாள். பிறகு போனை இறக்கினாள்.

“சாப்பிட்டானான்னு கேட்டாங்க,” என்றாள். “வச்சுட்டாங்க.”