பெல்ட் கழன்ற பழி

வெண்ணந்தூர்ப் பருத்தி அரவை ஆலையில் அன்று காலையும் பெரிய பெல்ட் கழன்று விழுந்தது.

எஞ்சின் சக்கரத்திலிருந்து அகலமான அந்தத் தோல் பெல்ட், சுவரையொட்டி மேலேறி, கூரையடியில் ஆலையின் நீளத்துக்கு ஓடும் இரும்புத் தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஒவ்வோர் அரவை இயந்திரத்துக்கும் ஒரு சிறு பெல்ட் இறங்கும். எஞ்சினின் வலிமை முழுவதும் பெரிய பெல்ட்டின் பிடியில்தான் இருந்தது. அது கழன்றால் எஞ்சின் சுமையின்றி வீணே அலறும். பருத்தி ஊட்டும் பெண்களுக்கு முன்னால் உருளைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும்.

"மாரக்கா மறுபடி வேலைக்கு வந்ததுல இருந்துதானுங்க இப்பிடி" என்றான் எஞ்சின் டிரைவர் குமாரசாமி, முதலாளியிடம். "எஞ்சினைக் கெளப்பறப்ப வெள்ளைச் சேலை எதுக்க நின்னா பெல்ட் எப்பிடிங்க தரிக்கும்?"

மாரக்காளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கணவன் ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தான். துக்கம் கழிந்து, மாசி மாதம் தன் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தாள். அந்த இடம் போனால் இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சியில்லை. இந்தப் பேச்சு வெளியே பரவினாலோ, வேறு ஆலையும் சேர்க்காது, நெல் தூற்றும் களமும் சேர்க்காது.

"ஏனுங்க டிரைவரே, கார்த்திகை மழையில சுவத்தோரத் தூணு எறங்கிப் போச்சுன்னு, தண்டைத் தாங்கற பேரிங்குக்கு அடியில கட்டைய வெச்சது நீங்கதானுங்களே? நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்?"

"கட்டை கல்லாட்டம் கெடக்குது. நீ போயி கொட்டையப் பொறுக்கு."

அவனுக்கு உண்மை தெரியும். தண்டு சாய்ந்தால் பெல்ட் ஒருபக்கமாக நகர்ந்து நகர்ந்து சக்கர விளிம்பைத் தாண்டிவிடும். தூணை இடித்துக் கட்டுவதென்றால் பருத்தி குவியும் நாளில் ஆலையை நிறுத்த வேண்டும். 'வேண்டியதில்லை' என்று முதலாளிக்கு உறுதி சொன்னவனும் அவனே.

முதலாளி கைலாசம் அவர்களைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வேலையாட்களைக் கைநீட்டி அடித்ததில்லை. கோயில் காரியங்களுக்கு முன்னால் நிற்பவர். அவர் மிகவும் சாந்தமாகவே சொன்னார்: "நாளையிலிருந்து நீ வர வேண்டாம் மாரக்கா. அங்காளம்மா உன்ற எடத்துல உக்காரட்டும். மனசுல வெச்சுக்காதே."

மறுநாள் காலை மாரக்காள் ஆலை வாயிலுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே எஞ்சினுக்கு முன் பூசணிக்காய் உடைத்தார்கள். மஞ்சள் பூசிய முகமும் தலை நிறையப் பூவுமாக அங்காளம்மாள் மாரக்காளின் பலகையில் உட்கார்ந்தாள். எஞ்சின் கிளம்பிற்று, உருளைகள் சுழன்றன. சற்று நேரத்தில், ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல் ஒரு சத்தம். அதையடுத்து எஞ்சின் அலறியது.

மாரக்காளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி யாரைச் சொல்வார்கள்?

கைலாசம் வெளியே வந்தார். அவளைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"இங்கியே நின்னுக்கிட்டிருக்கிறயா? அதான் விழுந்திருக்குது. எஞ்சின் சத்தம் கேக்கற தூரத்துலயே நீ நிக்கப்படாது."

இதைக் கேட்ட பிறகும் ஒருத்தி தலைகுனிந்து போவாளென்று அவர் எப்படி நம்பினாரோ! மாரக்காள் அவரைக் கடந்து உள்ளே நடந்தாள். எஞ்சினுக்கு நேர் எதிராகவே சென்று, சுவரோரத் தூணின் அடியில் குனிந்தாள். நசுங்கி நார்நாராகப் பிளந்த கட்டைத் துண்டுகள் அங்கே உதிர்ந்து கிடந்தன. கை நிறைய அள்ளி வந்து குமாரசாமியின் காலடியில் போட்டாள்.

"கல்லாட்டம் கெடக்குதுன்னீங்களே, இதுக்கும் நேத்துத் தாலி அறுந்து போச்சுங்களா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அங்காளம்மாள் பலகையை விட்டு எழுந்தாள்.

"இந்த எடம் எனக்கு வேண்டாமுங்க முதலாளி. நாளைக்கு எங்கூட்டுக்காரரு தும்முனாக்கூட என்னைத்தானுங்க மொறைப்பீங்க."

கைலாசம் அண்ணாந்து தண்டைப் பார்த்தார். சாய்வு கண்ணுக்கே தெரிந்தது. கொத்தனை அழைத்துவர ஆள் போயிற்று.

"சரி, தூணு கட்டி முடிஞ்சதும் வா" என்றார் கைலாசம், பெருந்தன்மையாக. "ஆனா, எஞ்சின் கெளம்புன பொறவு வந்தாப் போதும். எதுக்கு வீண் பேச்சு?"

'உன்மேல் குற்றமில்லை' என்ற ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. மாரக்காள் முந்தானையால் கையிலிருந்த மரத்தூளைத் துடைத்தாள்.

"கெளம்பறதுக்கு முந்தியே வாரேனுங்க முதலாளி. இதே எடத்துல, எஞ்சினுக்கு எதுக்கவே நிக்கறேன். பெல்ட் விழுந்தா, அப்ப டிரைவரைக் கேளுங்க."

பதிலுக்குக் காத்திராமல் அவள் போய்த் தன் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். எந்த உருளையும் சுழலவில்லை. எழுந்திருக்கச் சொல்ல ஒருவரும் அருகில் வரவுமில்லை.