மூலைக் கண்ணாடி

தாஸிம் நானா மாஸ்கிங் டேப் துண்டொன்றை வாயில் கவ்விக்கொண்டு, காரின் பின்பக்கம் குந்தியிருந்து, பழைய பசையைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். கறுப்புப் பசை சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. கிருஷாந்தன் பின்சீட்டில் முழந்தாளிட்டு, தையலுக்குள் மாட்டிக்கொண்ட கண்ணாடிக் குறுணிகளை விரலால் தோண்டி யோகட் கோப்பை ஒன்றில் போட்டுக்கொண்டிருந்தான். பாழாய்ப்போன கண்ணாடி, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. உடைந்தது பின்கதவுக்கு அடுத்தாற்போல் இருக்கும் சின்ன மூலைக் கண்ணாடி. அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பசையில் ஒட்டி நிற்பதுதான் அதன் வேலை.

"நானா, ஒம்பதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடியும், முடியும். நீங்க இப்பிடி நாலுதரம் கேட்டா பத்தாகும்."

போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கட்டுகஸ்தோட்டையில் தாஸிமின் கண்ணாடிக் கடை பூட்டு. விடியற்காலை கிருஷாந்தன் போனில் கெஞ்சிய கெஞ்சலில்தான், "சரி, கலகெதரைக்கு ஊட்டுக்கு வாங்க. பின்னால கழட்டி வெச்ச கண்ணாடி ஒண்டு ஈக்கி. பொருந்தினா ஒங்கட அதிர்ஷ்டம்" என்றார். பொருந்திவிட்டது. வந்த வழியெல்லாம் ஓட்டையில் ஒட்டியிருந்த பொலித்தீன் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அவனுடையது ஆறு வருஷத்து அவசரம். வீட்டு வேலைக்குப் போன அவன் மனைவி சுந்தரி இன்றைக்குக் குவைத்திலிருந்து வருகிறாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவை விட்டுத் தனியாக ஒரு வீடு போட வேண்டுமென்று, இரண்டே வருஷம் என்று சொல்லிப் போனவள். கொரோனா வந்தது. இங்கே பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்ற காலம் வந்தது. இரண்டு ஆறாகிவிட்டது. போன அன்று கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏஜென்சிக்காரனுடைய வேனில் ஏறினாள். வேனில் உறவுக்காரருக்கு இடமில்லை. ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடிக்கப் போனபோது வேன் கிளம்பிவிட்டது. அந்தக் கையை நினைத்து அவன் எத்தனை ராத்திரி புரண்டு படுத்திருப்பான் என்பது ஹந்தானை லயத்துத் தகரக் கூரைக்குத்தான் தெரியும்.

போன மாதம் போனில் அவள் மூன்று கட்டளை போட்டாள்.

"இந்தா பாருங்க. கதவு தெறந்த ஒடனே உங்க மூஞ்சியத்தான் நான் மொதல்ல பாக்கணும். வேற எத்தன பேரு நின்னாலும் சரி."

"சரி."

"கார்ல நான் முன்சீட்டுலதான் ஒக்காருவேன்."

"ஒக்காரு தாயே. பின்னால யாரு ஒக்காரச் சொன்னா?"

"என்னோட அந்த நீலச் சேலையும் ரப்பர் செருப்பும் கொண்டு வாங்க. இந்தக் கறுப்பு அங்கியோட நான் நம்ம ஊருக்குள்ள காலடி வைக்கமாட்டேன். எயார்போட்லயே மாத்திக்குவேன்."

கிருஷாந்தன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கார் குண்டசாலை கஜலட்சுமி மேடத்தினுடையது. ஏறுகிற சனமெல்லாம் பின்சீட்டில்தான் உட்காரும். முன்சீட்டில் இத்தனை நாளும் உட்கார்ந்தது அவனுடைய சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும்தான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தச் சீட்டைத் திரும்பிப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. சுந்தரி அங்கே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு வளவளவென்று பேசிக்கொண்டு வருவாள். கியர் மாற்றுகிற கைக்குப் பக்கத்தில் அவள் கை இருக்கும். அந்த மட்டும் நினைப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். பின்னாலிருந்து ஹோர்ன் அடிப்பார்கள்.

தயங்கித் தயங்கிக் கேட்டபோது மேடம் மறுக்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க கிருஷாந்தன். வீட்டுக்காரம்மா வர்ற நாளாச்சே" என்றாள். ராத்திரியே காரைக் கொண்டுபோகவும் விட்டாள். மழைக்கு லயத்துப் பாதை அறுத்துக்கொண்டு போயிருந்ததால், கோயில் வளைவோடு பெரிய ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு நடந்தான். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு பின்சீட்டில் இருந்தது.

சுந்தரி முன்னொரு தடவை கூட்டாளிப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பிய சக்கரம் வைத்த பை. அதன் பிடியில் விமான நிலையத்து அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பார்வையாக இருக்கிறதென்று அவன் அதைக் கழற்றவேயில்லை. காலையில் மறந்துபோகும் என்று நீலச் சேலை, செருப்பு, சீப்பு, பவுடர் டின் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, முதல் நாள் மாலையே காரில் வைத்துவிட்டான். லயத்தில் ஒரு பை வாசற்படியில் ஒரு வாரம் கிடந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். பெரிய ரோட்டு வளைவு லயத்து வாசற்படி அல்ல என்பது அவன் புத்தியில் உறைக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்து, மூலைக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்து, ஒரு பழைய சேலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

விடிந்ததும் மேடத்துக்குப் போன் போட்டான்.

"உங்கள நம்பித்தானே கிருஷாந்தன் ராத்திரியில கார விட்டேன்."

"தெரியும் மேடம். இப்பவே போட்டுர்றேன். என் சம்பளத்துல பிடிச்சிக்கங்க."

"அது பாத்துக்கலாம். இன்னைக்கு என் தங்கச்சியும் மெல்பேர்ன்ல இருந்து வர்றா, தெரியுமில்லே? அவளுக்கு ஒரு வேன் சொல்லியிருந்தேன். இந்தச் செலவுக்கு மேல அது வேற எதுக்கு? நீங்க எப்படியும் அங்கதானே போறீங்க. அவளையும் கூட்டிட்டு வந்துடுங்க. ஆனா கண்ணாடி போட்டுட்டுத்தான் போகணும். அவ பொலித்தீன் கட்டின கார்ல ஏறமாட்டா."

"சரி மேடம்" என்றான்.

தாஸிம் சட்டத்தைத் துடைத்து, துப்பாக்கி மாதிரியான குழலால் புதுப் பசையைக் கோடு போல இழுத்தார். கண்ணாடியை இரண்டு கையாலும் ஏந்திப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். பிறகு டேப்பால் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினார். அவருடைய மனைவி றலியா இரண்டு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்து வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள்.

"எங்கட இவவ ரெண்டு நாள் உம்மா ஊட்டுக்கு அனுப்பினாலே எனக்கு ஊடு ஊடா ஈக்காது" என்றார் தாஸிம். "ஆறு வருஷமா? யா அல்லாஹ். எப்பிடி இருந்தீங்க?"

"இருந்தேன் நானா. அவ்வளவுதான்."

"இஞ்ச கேளுங்க. இது பின்னேரம் அஸர் தொழுக வரைக்கும் அசையாம ஈக்கோணும். நீங்க நிக்கமாட்டீங்க, அது வேற கத. கதவ அடிச்சிச் சாத்த வாணாம். முன்கதவுக் கண்ணாடிய நாலு விரக்கட எறக்கி வெச்சிக்கோங்க. ஏசி போட்டு எல்லாத்தையும் மூடினா காத்து முட்டித் தள்ளும். பள்ளத்துல போட வாணாம். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சி நானா."

"பெய்த்து வாங்க. அவவுக்கு சலாம் சொல்லுங்க."

குருணாகல், நாரம்மலை, திவுலப்பிட்டி என்று முட்டையை மடியில் வைத்திருப்பவன் போல ஓட்டினான். பன்னிரண்டேகாலுக்கெல்லாம் வருகைக் கதவுக்கு நேராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கதவு திறக்கும்போதெல்லாம் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தான். பலகையில் குவைத் விமானம் இறங்கிவிட்டது என்று விழுந்தபோது அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருமாதிரிப் பார்த்தார்.

போன் அடித்தது. மேடத்தின் தங்கச்சி.

"நான் அப்பவே வெளிய வந்துட்டேன். காசு மாத்துற இடத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன். மூணு சூட்கேஸ். வாங்களேன், தலை சுத்துது."

"அஞ்சே அஞ்சு நிமிஷம் மேடம். வீட்டுல வந்துக்கிட்டே இருக்காங்க..."

"அஞ்சு நிமிஷமா? அக்கா நீங்க ரெடியா நிப்பீங்கன்னு சொன்னாங்களே."

கதவைப் பார்த்தான். மூடியிருந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தான். அந்த இடத்தில் உடனே வேறொருவர் வந்து நின்றுகொண்டார்.

வாகனத் தரிப்பிடம் தூரத்தில் இருந்தது. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் இழுத்துக்கொண்டது. டிக்கி இரண்டு சூட்கேஸ்தான் கொண்டது. மூன்றாவதைப் பின்சீட்டில் ஏற்றினான். கதவை அடித்துச் சாத்த முடியாது, மெல்ல மெல்ல அமுக்கினான். "எனக்குப் பின்னால இருந்தா வாந்தி வரும்" என்று தங்கச்சி முன்சீட்டில் ஏறி, சாய்வைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பிறகு அவன் வருகைக் கதவுக்குத் திரும்பி ஓடினான். செருப்புக் கழன்றதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

சுந்தரி ஒரு தூணோரம் நின்றாள். கறுப்பு அங்கி, காலடியில் கயிறு கட்டிய பெட்டி. வருகிற போகிற முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. அது வீடியோவில் தெரியவில்லை.

"சுந்தரி."

அவள் திரும்பினாள். அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"செருப்ப ஏன் கையில வச்சிருக்கீங்க?" என்றாள்.

"மொதல்ல யாரப் பாத்த?"

"ஒரு பொலிஸ்காரர. வழியில நிக்காதன்னாரு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சேல எங்க?"

நடந்துகொண்டே சொன்னான், வளைவில் கார் நிறுத்தியதிலிருந்து எல்லாவற்றையும். அவள் கேட்டுவிட்டு, "அந்தச் சேலையில ஓட்ட இருந்திச்சிங்க. திருடன் பாவம்" என்றாள். காருக்குப் பக்கத்தில் வந்ததும் முன்சீட்டைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து, சூட்கேஸுக்கும் மூலைக் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். கயிறு கட்டிய பெட்டி அவள் மடியில் இருந்தது.

தங்கச்சி கெட்டவள் இல்லை. "ஆறு வருஷமா? அடப் பாவமே" என்று பையிலிருந்து ஒரு பெரிய சொக்லட்டை எடுத்து நீட்டினாள். ஆனால் வெக்கை அவளுக்குத் தாங்கவில்லை. "ஏசிய நல்லா போடுங்க. இந்தக் கண்ணாடி ஏன் தெறந்திருக்கு?"

"பின்னால புதுக் கண்ணாடி மேடம். பச இன்னும் காயல்ல. கொஞ்சம் காத்து வெளிய போகணும்..."

"இந்தப் புழுக்கத்துலயா? மூடுங்க, மூடுங்க."

மூடினான். நாரம்மலை தாண்டுமுன்னே ஒரு டேப் கழன்று காற்றில் ஆட ஆரம்பித்தது. உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. தங்கச்சி திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, அது அசையுதே! ரோட்டுல விழுந்தா மறுபடி செலவு. நீங்க கொஞ்சம் கையால பிடிச்சிக்கங்க, என்ன?"

"சரி மேடம்" என்றாள் சுந்தரி. கேட்ட மாத்திரத்தில் வந்த சரி. உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கிருஷாந்தன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினான். பின்னால் வரும் வாகனம் தெரியாமல் போனது. அவள் தெரிந்தாள். பாதி முகம், சூட்கேஸின் விளிம்பு, ஒரு கை. விரல் நுனியெல்லாம் வெடித்து, நகத்தோரம் வெளுத்துப்போயிருந்தது. வேன் ஜன்னலில் பிடிக்கப் போய்ப் பிடிக்காமல் விட்ட கை. ஒரு முழம் தள்ளி இருந்தது. அவன் கியரைப் பிடித்துக்கொண்டான்.

"கை வலிக்குதா?"

"இல்லீங்க. ரோட்டப் பாருங்க."

குருணாகலில் ஒரு கை மாற்றி மறு கை வைத்தாள். கலகெதரை வளைவுகளில் மறுபடி முதல் கையை வைத்தாள். சொக்லட் மடியில் பிரிக்காமலே கிடந்து இளகியது. அவளிடம் சொல்வதற்கு ஆறு வருஷத்துப் பேச்சு வைத்திருந்தான். தங்கச்சியின் தலை தோளுக்குப் பக்கத்தில் தூங்கி விழுந்துகொண்டிருக்கையில் என்னத்தைப் பேசுவது? மகாவலிப் பாலம் வந்ததும் அவள் தானாகவே மெதுவாக, "ஆறு நெறைய தண்ணி" என்றாள்.

"ஆமா. மழ" என்றான்.

குண்டசாலைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மேடம் கேட்டைத் திறந்து ஓடிவந்து தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எத்தன வருஷமாச்சுடி! மூணு வருஷம்!" கிருஷாந்தன் சூட்கேஸ்களை ஒவ்வொன்றாக விறாந்தையில் ஏற்றினான். சுந்தரி இறங்கி, விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். இனிச் சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய், அங்கிருந்து ஹந்தானைக்கு ஏற வேண்டும்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். மூலைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். பசை பிடித்திருந்தது.

"நல்லாத்தான் போட்டிருக்காரு. டேப்ப எடுத்துடுங்க கிருஷாந்தன். நாளைக்குக் காலையில ஹயருக்குப் போகணும். அந்தக் கைத்தடத்தையும் தொடச்சிட்டுப் போயிடுங்க."

கண்ணாடியின் உட்பக்கத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாகத் தடம் முழுசாக விழுந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. கிருஷாந்தன் டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, கதவுப் பையிலிருந்து துணியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"குடுங்க" என்று சுந்தரி அவன் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். பின்சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, கண்ணாடியில் வாயால் ஊதி, மேலிருந்து கீழாக, ஒரு கோடு விடாமல் துடைத்தாள். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தது. அங்கியின் கையை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டு அதையும் துடைத்தாள். பிறகு துணியை நாலாக மடித்து, இரண்டு கையாலும் மேடத்திடம் நீட்டினாள்.