கடைசி வரிசைக்குக் கேட்கணும்

ரேடியோ செட் வீரமலைக்குப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு சட்டம்தான் தெரியும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். கேட்டால் அவன் பாடகன், கேட்காவிட்டால் எல்லாம் பம்மாத்து. இந்தச் சட்டத்தை அவர் நாடகக் கொட்டகையில் கற்றார். வாலிபத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடிக்கும் வேலை அவருக்கு. தரை டிக்கெட்டுக்காரர்களுக்கும் பின்னால் நின்றுகொண்டு, மைக் என்ற ஒன்றே இல்லாமல் ராஜபார்ட்காரர்கள் பாடியதைக் கேட்டவர். அந்தத் தொண்டை எங்கே, இன்றைக்குக் கிசுகிசுக்கிற இந்தத் தொண்டை எங்கே என்று காந்தி மார்க்கெட் டீக்கடையில் ஆரம்பித்தார் என்றால், எதிரே இருப்பவன் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

இப்போது பாடுகிறவனுக்கெல்லாம் திறமை எங்கே இருக்கிறது, மைக்கைக் கடித்துத் தின்கிறான்கள் என்பார். வேடிக்கை என்னவென்றால், அந்த மைக்கை வாடகைக்கு விட்டுத்தான் மனுஷர் பதினைந்து வருஷமாகச் சோறு தின்கிறார். அதை யார் எடுத்துச் சொல்வது? சொன்னால் சண்டைக்கல்லவா வருவார்!

டீக்கடையோடு போயிருந்தால் ஊருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. வினை வீட்டுக்குள் வந்தது. மனைவி பவுனம்மாளின் அண்ணன் மருதை, தன் மகன் காத்தமுத்துவுக்கு வீரமலையின் மகள் மாரியாயியைப் பெண் கேட்டு வந்தார். முறை மாப்பிள்ளை. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. மாரியாயிக்கோ அவன் என்றால் உயிர். இருந்தும் வீரமலை முடியாது என்றுவிட்டார். பையன் ஓய்வு நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் புது சினிமாப் பாட்டுப் பாடுகிறானாம். மைக்கை நிறுத்தினால் மூச்சு நின்றுபோகிறவனுக்குத் தன் பெண்ணைத் தர முடியாதாம்.

மருதைக்குச் சுருக்கென்றது. பெண் இல்லை என்பதைக்கூடப் பொறுக்கலாம், காரணத்தைக் கேட்டால் ஊர் சிரிக்குமே. ஆடி முடிவதற்குள் நல்ல வார்த்தை வராவிட்டால் ஆவணியில் முசிறிப் பக்கம் பெண் பார்த்துவிடுவதாகச் சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பவுனம்மாள் அழுது பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். அவருடைய ராஜபார்ட்காரர்களைப் பற்றி அவருடைய அப்பா என்ன சொல்லுவார் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இவன் பாடுகிறானா மாடு விரட்டுகிறானா என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டதை அவளே பார்த்திருக்கிறாள். வீரமலை குழாய் ஸ்பீக்கரைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

மாரியாயி மட்டும் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள்.

"கடைசி வரிசைக்குக் கேக்க வைக்கிறது உங்க வேலைப்பா. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிடுறாங்க. அத்தான் வேலை பாடுறது."

அவருக்கு வந்ததே கோபம்! இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார்.

ஆடிப்பெருக்கு வந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம் அது. காவிரி இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துத் தோப்பில் மார்க்கெட் வியாபாரிகள் சிலர் சேர்ந்து சாயங்காலக் கச்சேரி வைத்தார்கள். செட்டுக்கு வீரமலையைச் சொன்னார்கள். பாடப்போவது காத்தமுத்து என்று தெரிந்தும் அவர் மறுக்கவில்லை. மனசுக்குள் ஒரு திட்டம். பாதிப் பாட்டில் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டியது. இவனுடைய சொந்தத் தொண்டை எவ்வளவு என்று ஊர் பார்க்கட்டும், மருதை பார்க்கட்டும், பெற்ற மகளும் பார்க்கட்டும். கூட்டம் ஊளையிடும், பையன் மேடையை விட்டு ஓடுவான், சம்பந்தப் பேச்சு அத்தோடு முடியும். வேறொரு செட்டுக்காரன் இதைச் செய்திருந்தால் வீரமலையே அவனைக் கன்னத்தில் அறைந்திருப்பார். என்ன செய்வது, புத்தி சில நேரம் புல் மேயப் போய்விடுகிறது.

முதல் இரண்டு பாட்டும் ஆட்டம் பாட்டமாக முடிந்தன. மூன்றாவது ஒரு தாலாட்டு. சரணம் தொடங்கியதும் வீரமலை ஆம்ப்ளிஃபயரின் திருகைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார். மரங்களில் கட்டியிருந்த நான்கு குழாய்களும் ஒன்றாகத் தணிந்தன. சத்தம், சத்தம் என்று பின்னாலிருந்து கூச்சல் கிளம்பியது. எவனோ சீட்டியடித்தான். மருதையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியாயி பதறி எழுந்து நின்றாள்.

காத்தமுத்து ஒரு தரம் ஆம்ப்ளிஃபயர் மேசைப் பக்கம் பார்த்தான். பிறகு தபலாக்காரரையும் அக்கார்டியன்காரரையும் கையமர்த்தினான். கத்தவில்லை. மைக்கிடம் இன்னும் ஒரு விரற்கடை நெருங்கி, அதே சரணத்தை அதே நிதானத்தில் தொடர்ந்தான்.

வீரமலை எழுந்து கடைசி வரிசைக்கு நடந்தார். ஜெயித்ததைப் பார்க்க வேண்டிய இடம் அதுதானே. தோப்பின் ஓரத்தில் லூர்துராணி என்ற கடலைக்காரி வண்டி போட்டிருந்தாள். வாணலியில் கரண்டியைத் தட்டித் தட்டித்தான் அவள் ஆளைக் கூப்பிடுவாள். அந்தக் கரண்டி இப்போது அவள் கையில் சும்மா இருந்தது, சட்டியில் கடலை தீய்ந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சருகு நொறுங்க வந்த வீரமலையை அவள் திரும்பி முறைத்தாள்.

"கொஞ்சம் சும்மா நில்லுங்கய்யா. பாட்டு கேக்க வேணாமா?"

அவர் நின்றார். வேறு வழியில்லாமல் கேட்டார். குழாயில் வந்தது மெல்லிசான குரல்தான், ஆனால் ஒரு சொல் விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு அடி முடிவிலும் குரல் லேசாகத் தழைந்து, மடியில் கிடக்கிற பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றது. கொட்டகையில் அவருடைய ராஜபார்ட் தாலாட்டுப் பாடினால் தூங்குகிற பிள்ளை அலறிக்கொண்டு எழுந்திருக்கும். இத்தனை வருஷத்தில் இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. இப்படிப் பாடுகிற பிள்ளையின் கழுத்தையா நெரித்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் நம் பெண் ஆசைப்பட்ட பிள்ளையின் கழுத்தை?

ஓட்டமும் நடையுமாக மேசைக்குத் திரும்பினார். திருகில் கை வைத்தவர் அப்படியே தயங்கினார். சட்டென்று ஏற்றினால் நான்கு குழாயும் வீறிடும், பாட்டு செத்துப்போகும். ஒரு மயிரிழை திருப்பினார். மேடையில் காத்தமுத்து ஒரு மயிரிழை பின்வாங்கினான். இன்னும் கொஞ்சம் திருப்பினார், இன்னும் கொஞ்சம் பின்வாங்கினான். சத்தம் எப்போது ஏறியது என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பதினைந்து வருஷத்தில் எத்தனை பேர் அவருடைய மைக்குக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்! ஒருவன் மைக்கை விழுங்குவான், ஒருவன் மைக்கை விட்டு ஓடுவான். திருகைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடுவதே அவர் பிழைப்பு. அவர் கை போகிற இடம் தெரிந்து பாடியவன் இவன் ஒருவன்தான். இதற்குத் தொண்டை மட்டும் போதாது, காதும் வேண்டும் என்பது செட்டுக்காரருக்குத் தெரியாதா என்ன? பாட்டு முடிந்து கூட்டம் கை தட்டியபோது அவர் இன்னும் திருகை விடவில்லை.

கச்சேரி கலைந்ததும் மருதை குடும்பத்தோடு மேசையருகே வந்தார். பவுனம்மாளும் மாரியாயியும் கூடவே வந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் காத்தமுத்துவே முந்திக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரில் வால்வு சூடாகிவிட்டது போலிருக்கிறது மாமா என்றான். தப்பிக்க ஒரு வழியைப் பையனே திறந்துவிட்டிருந்தான். ஆமாம் என்றிருந்தால் போதும். வீரமலை மகளைப் பார்த்தார். செட்டுக்கு நடுவே வளர்ந்த பெண், அவளை ஏமாற்ற முடியாது.

"வால்வு இல்லடா. நான்தான் குறைச்சேன். உன்னை அசிங்கப்படுத்தணும்னு."

மருதையின் முகம் சிவந்தது. பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியும் மாமா" என்றான் காத்தமுத்து. "வால்வுன்னா கொரகொரங்கும். இது கை."

"தெரிஞ்சும் ஏன்டா பாடினே?"

"நீங்க பின்னாடி நடந்து போறதப் பாத்தேன். உங்களுக்குக் கேக்கட்டும்னுதான்."

வீரமலை தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க மருதையின் இரண்டு கையையும் பிடித்தார். தப்பு தன்னுடையது என்றும், ஆவணியில் முதல் முகூர்த்தத்தையே பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். மருதை உடனே இறங்கி வரவில்லை, அவருக்கும் ரோஷம் இருக்காதா? ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு நிபந்தனை, மச்சான்" என்றார் வீரமலை. "இனிமே இவன் பாடுற எடத்துக்கு வேற எவன் செட்டும் வரக் கூடாது."

மருதை வாயைத் திறப்பதற்குள் மாரியாயி, "சரிப்பா" என்றாள்.