வண்டி நின்ற இடங்கள்

அண்ணன் புது வண்டி எடுத்ததும் பழையதைத் தங்கையின் தலையில் கட்டிவிட்டான் என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். அது முழு உண்மை இல்லை. அவளும் ஆசைப்பட்டுத்தான் வாங்கினாள். வீடு வீடாகப் போய்ப் படுத்தவர்களை உட்காரவைத்து, உட்கார்ந்தவர்களை நிற்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட் அவள். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, சில நாள் ஆறு. மூட்டு மாற்றியவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். பட்டைகளும் பந்துகளும் மின்தூண்டல் கருவியும் அடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து மாறி மாறிப் போனதில், ஊரார் முதுகைச் சரிசெய்கிறவளுக்குத் தன் முதுகு போய்விடும்போல் இருந்தது.

ஆறு வருடம் ஓடிய ஹைப்ரிட் கார் அது. பிளக்கில் செருகினால் நாலு மணி நேரத்தில் பேட்டரி நிரம்பும். அது தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். புதிதில் ஐம்பது கிலோமீட்டர் கரண்டிலேயே போனதாம். அவள் கைக்கு வந்தபோது முப்பதுக்கே மூச்சு வாங்கியது. அவள் சுற்றுகிற சுற்றுக்கு அதுவே போதும்.

சாவியைக் கொடுக்கும்போது அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். போனில் ஏதோ ஆப் இருக்கிறதாமே என்று அவள்தான் கேட்டாள்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? பட்டனை அமுக்கு, போய்க்கிட்டே இரு. ஏதாவது சந்தேகம்னா நான் இருக்கேன்ல."

அவள் இருந்தது கீழ்த்தளத்தில் இரண்டு அறை. வண்டி இழுக்கிற கரண்டுக்குத் தாங்கக்கூடிய பிளக் சமையலறையில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வாஷிங் மெஷினுடையது. சன்னல் வழியாக வயரை வெளியே விட்டாள். சன்னலை மூட முடியாது, கரப்பான் வரும். துணி துவைக்கிற அன்றைக்கு வண்டி பட்டினி, வண்டி சாப்பிடுகிற அன்றைக்குத் துணி மூட்டை. இதையெல்லாம் அவள் குறையாக நினைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் தனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, தான் நினைத்த தெருவில் திரும்புகிற சுகம் அவளுக்குப் புதிது.

ஒன்று மட்டும்தான் எரிச்சல். மதியம் மூன்று மணிக்கு வந்து வயரைச் செருகுவாள். ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பும்போது பார்த்தால் ஒரு பொட்டுக்கூட ஏறியிருக்காது. இரவு பதினொன்றுக்குத்தான் ஏறுவேன் என்று வண்டி தானாகவே நேரம் குறித்து வைத்திருக்கும். அதை அழிப்பாள். இரண்டு நாளில் பழையபடி வந்து நிற்கும். அண்ணனிடம் கேட்டாள்.

"சூடு ஆறினப்புறம் ஏறினாத்தான் பேட்டரி நிக்கும். அது அதுவாப் பண்ணிக்கும். நீ கை வைக்காதே," என்றான்.

வண்டிக்கு அண்ணனைவிட அறிவு ஜாஸ்தி போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். "கண் டாக்டர்கிட்ட போனியே, பவர் ஏறிடுச்சாடி?" என்று ஒரு நாள் கேட்டாள். இவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு நாள், "மத்தியானம் வெளியிலயா சாப்பிட்டே? உடம்பு என்னத்துக்காகும்?" என்றாள். யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு எந்தக் காலத்திலும் ஒற்றர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் பொத்தி வைத்திருந்தது ஒன்றே ஒன்று. புதன்கிழமை வீடு.

ஊரின் அந்தக் கோடியில், மேட்டுத் தெருவில் இருந்தது அது. அங்கே இருந்த பெரியவர் ஒருகாலத்தில் அவளுக்கு மாமனார். ஏழு வருடம் அவருடைய மகனோடு வாழ்ந்து, வாழ முடியாமல் அவள் வெளியே வந்தபோது, அந்தக் குடும்பத்து வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மாவும் அண்ணனும் அவளிடம் சத்தியம் வாங்காத குறை. ஆனால் அவள் பெட்டியோடு இறங்கிய அன்றைக்கு வாசல்வரை வந்தவர் அந்த மனிதர் ஒருவர்தான். அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர். "பிழை எங்க பக்கம்தாம்மா," என்று சொல்லிப் பெட்டியை வாங்கி ஆட்டோவில் வைத்தார்.

மகன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். வண்டி வாங்கி ஒன்பது மாதம் ஆனபோது, பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த செய்தி அவளுக்கு ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருத்தி மூலமாக வந்தது. இரண்டு வாரம் யோசித்தாள். மூன்றாவது வாரம் போனாள்.

அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா இருந்தாள். ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டாள். விஷயம் மூன்று பேரோடு நிற்கவேண்டும் என்று இவள் சொன்னபோது, "நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்று மட்டும் கேட்டாள்.

எட்டு மாதம் போனது. முதலில் விரல்கள் முறுக்கிய கயிறுபோல் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, நீவி, நீட்டி, மறுபடி மடக்கி. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கை பேச்சைக் கேட்டது. ஏழாவது மாதம் பிளாஸ்டிக் டம்ளரைப் பிடித்தார். எட்டாவது மாதம் சிவப்புப் பென்சிலைக் கேட்டார். அன்றைய செய்தித்தாளில் ஓர் ஒற்றுப்பிழையை நடுங்கி நடுங்கிச் சுழித்துவிட்டு, "இவனுங்க இன்னும் திருந்தல," என்றார். ஆயாம்மா சிரித்ததை அவள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமை கேட் பூட்டியிருந்தது. ஆயாம்மா உள்ளே நின்றபடி பேசினாள்.

"ஐயா உங்களை வரவேண்டாம்னு சொல்லச் சொன்னார்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்க அண்ணன் வந்திருந்தார், சனிக்கிழமை. ஐயா முன்னாடி நின்னு, என் தங்கச்சியை வாழவைக்கத் துப்பில்ல, சும்மா வேலை வாங்க மட்டும் தெரியுதான்னு கேட்டார். இன்னும் என்னென்னவோ. ஐயா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. அவர் போனப்புறம்தான், இனிமே அந்தப் பொண்ணு வரக்கூடாதுன்னார்."

அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லவில்லை. பெரியவர் சொல்லியிருக்கமாட்டார். மிச்சம் ஒரே ஒருத்திதான், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"என் அண்ணன்கிட்ட என்ன வாங்கிட்டுச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

ஆயாம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அது சத்தமில்லாமல் சாத்திய கதவு. குற்றவாளிதான் வாயடைத்துப் போவாள் என்று அவள் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

அண்ணனிடம் போய்ச் சண்டை போடவில்லை. போட்டால் எட்டு மாதம் பொய் சொன்னதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவனும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் போனில், "வேலை நிறைய இருந்தா ஒண்ணு ரெண்டைக் குறைச்சுக்கோயேன்," என்றாள், சாதாரணமாக.

இரண்டு வாரம் கழித்து வண்டி ஒரேயடியாகச் சார்ஜ் ஏற மறுத்தது. இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கிறவர் ஒருத்தர் இருந்தார், எல்லோரும் பேட்டரிக்காரர் என்பார்கள். தகரக் கூரை போட்ட ஷெட். அவர் ஒரு கருவியை மாட்டி, திரையில் ஓடியதைப் படித்தார். வயரின் முனையில் கரி பிடித்திருந்தது, அதைச் சுரண்டி மாற்றினார். பிறகு, "இந்தப் பதினொரு மணி டைமரை யார் போடறாங்க?" என்றார்.

"அதுவா போட்டுக்குது. நான் அழிச்சாலும் வருது."

"அதுவா எதுவும் போட்டுக்காது மேடம். போன்லேர்ந்து போடறாங்க. வண்டி இன்னும் பழைய ஓனர் பேர்லதான் பதிவாயிருக்கு. அவர் ஆப்பைத் திறந்தா எல்லாம் தெரியும். எவ்வளவு சார்ஜ், கதவு பூட்டியிருக்கா, வண்டி எங்க நிக்குது, எத்தனை மணிக்கு நின்னுச்சு, எத்தனை மணிக்குக் கிளம்புச்சு. வித்தவங்க எடுத்துவிட மறந்துடுவாங்க. நிறைய வண்டியில பார்த்திருக்கேன்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். பேட்டரிக்காரர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். கண் டாக்டர், மதியச் சாப்பாடு, மேட்டுத் தெரு. தோழி வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதும், அழுவதற்காக ஆற்றுப் பாலத்தின் ஓரம் ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்ததும்கூட அந்தக் கணக்கில் இருக்கும்.

"இதை எடுக்க முடியுமா?"

"முழுசா அழிச்சிடலாம். ரேடியோ, சீட்டு எல்லாம் திரும்ப வைக்கணும்."

"அழிச்சிடுங்க."

பத்து நிமிட வேலை. அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. முன் அறையில் உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"வண்டியில என்ன கோளாறு? கொஞ்ச நேரமா ஒண்ணுமே காட்ட—"

அங்கேயே நிறுத்திக்கொண்டான். ஊசி கையில் இருந்தது.

"சொல்லுண்ணா. என்ன காட்டல?"

அவன் வாரைக் கீழே வைத்தான். "முதல்ல எடுக்க மறந்துட்டேன், சத்தியமா. அப்புறம் ஒரு நாள் திறந்தா வண்டி தெரிஞ்சுது. தனியா ஊரெல்லாம் சுத்தறே. இருக்கட்டும், நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

"ஒண்ணரை வருஷமா?"

"கெட்டதா என்ன பண்ணிட்டேன்? மேட்டுத் தெருவுல வாரா வாரம் நிக்கறது ஏதோ நோயாளி வீடுன்னுதான் நினைச்சேன், அது யார் வீடுன்னு போன மாசம்தான் உறைச்சுது. அந்த வீட்டு ஆளுங்க உன்னைச் சக்கையாப் பிழிஞ்சு துப்பினவங்க. திரும்பவும் போய் அவங்க கை காலைப் பிடிச்சுவிடறே. எனக்கு மானம் இல்லையா?"

"பிடிச்சுவிட்டது என் கை. உன் மானம் அதுல எங்க வந்துச்சு?"

அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். அண்ணனை அடக்குவாள் என்று இவள் ஒரு கணம் நம்பினாள்.

"சும்மா அவனைப் போட்டு வாட்டாதே. நான்தான் தினம் பார்க்கச் சொல்வேன். சின்னதா ஒரு பச்சைப் புள்ளி. அது உன் வீட்டுல வந்து நின்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும். பெத்தவளுக்கு அதுகூடக் கூடாதா?"

அண்ணன் மேல் கத்தலாம். அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்த அம்மாவை என்ன செய்ய? ஒன்றரை வருடம் வேவு பார்த்துப் பிடிபட்டவளைப்போல அவளே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைசியில், "புள்ளியை அழிச்சாச்சும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பின்னாலிருந்து அண்ணன் சொன்னது கேட்டது: "நல்லது பண்ணினா இதுதான் மிச்சம்."

மறுநாளே மேட்டுத் தெருவுக்குப் போனாள். இந்தமுறை ஆயாம்மா கேட்டைத் திறந்தாள். அவள் அங்கேயே நின்று, "அக்கா, நீங்க சொல்லல. வண்டி காட்டிக்கொடுத்திருக்கு. நான் கேட்டது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க," என்றாள்.

"பரவாயில்லம்மா. வேலை செய்யற வீட்டுல எது நடந்தாலும் முதல்ல எங்களைத்தான் கேப்பாங்க. எனக்குப் பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டு ஆயாம்மா துணி காயப்போடப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெரியவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். அவள் பையைத் திறக்கப் போனபோது, வேண்டாம் என்று இடது கையை உயர்த்தினார்.

"மாமா, அண்ணன் பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். மூணு வாரம் விட்டுப் போச்சு. இப்போ விட்டா பழையபடி சுருண்டுடும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா."

"அப்புறம்?"

"உன் அண்ணன் கோபத்துல பேசினான். ஆனா பேசினதுல எந்த இடத்துல திருத்தறதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் அகப்படல." அவர் சன்னலைப் பார்த்தார். "நீ வந்தப்பல்லாம், இது எனக்குக் கிடைக்கவேண்டியதுதான்ங்கிற மாதிரி கையை நீட்டிக்கிட்டிருந்தேன். இனிமே என்னால நீட்ட முடியாது. வற்புறுத்தாதே."

"சரி, வேற ஒருத்தரை அனுப்பறேன். எனக்குத் தெரிஞ்சவர்தான், நல்லாப் பண்ணுவார்."

"பார்க்கலாம்," என்றார். பார்க்கப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். ஏழு வருடம் மருமகளாக இருந்தவளுக்கு அது தெரியும். செய்யவேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். வேறு ஆளை அனுப்பினாள். இரண்டு முறை போய்விட்டு, ஐயா ஒத்துழைக்கவில்லை என்று அவர் நின்றுகொண்டார்.

மழைக்காலம் முடிந்தபோது மகன் வந்து வீட்டைக் காலிசெய்து, அப்பாவை முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டுப் போனான். அந்த இல்லத்துக்கு வாரம் ஒருமுறை போகிற இன்னொரு பிசியோ ஒரு கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: பிழை திருத்துகிற தாத்தா ஒருத்தர் இருக்கிறார், வலது கை முழுக்க இறுகிவிட்டது, ஆரம்பத்திலேயே யாராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் நன்றாக வந்திருக்கும். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தாள்.

வண்டியை விற்கவில்லை. விற்றுவிட்டு எதில் போவது? இப்போது மதியம் செருகினால் மதியமே ஏறுகிறது. அண்ணனோடு பேச்சுவார்த்தை, நல்லது கெட்டதுக்கு இரண்டு வார்த்தை என்ற அளவுக்கு வந்துவிட்டது. அம்மா சாயங்காலம் போன் பண்ணி, "வீட்டுக்கு வந்துட்டியா?" என்பாள். எந்தத் தெருவில் நின்றாலும், "வந்துட்டேன்," என்பாள். அம்மா நம்புவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாம் அழித்தாயிற்று, ஒருத்தராலும் பார்க்க முடியாது என்று பேட்டரிக்காரர் இரண்டு தடவை உறுதி சொல்லியிருந்தார். அவளும் நம்பத்தான் செய்தாள். ஆனாலும் எந்த நோயாளி வீட்டுக்குப் போனாலும் இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மிச்ச தூரத்தை நடந்தே போகிறாள்.