இரண்டு வரிக்கு ஒரு தாள்

அந்தக் குவாரியில் தினமும் மதியம் ஒரு மணிக்குப் பாறைக்கு வெடி வைப்பார்கள். அதற்கு அரைமணி முன்னால், காலையிலிருந்து கேட்டைத் தாண்டி உள்ளே வந்த அத்தனை பேரின் டோக்கன் எண்ணையும் தொழிலையும் ஆபீசில் இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டர் பட்டியலாக அச்சடித்துக் கொடுக்கும். வெடிக்காரர் முதலில் ஆபீசிலும் கேன்டீனிலும் இருப்பவர்களுக்கு டிக் போட்டுவிட்டு, பிறகு பள்ளத்தின் வாயில் நின்று ஏறி வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போடுவார். ஒரு வரி மிச்சமிருந்தாலும் வெடிக்க வைக்கும் கருவியின் சாவியைத் தொடமாட்டார், ஆள் அனுப்பித் தேடச் சொல்வார். பட்டியலில் இல்லாத ஆளைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. அப்படி ஓர் ஆள் உள்ளே இருக்கவே முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒரு நாள் பட்டியலை அடித்த கையோடு பழைய பிரிண்டர் மண்டையைப் போட்டுவிட்டது. முதலாளி எங்கிருந்தோ ஒரு செகண்ட்ஹேண்ட் லேசர் பிரிண்டரைப் பிடித்து அனுப்பினார். கம்ப்யூட்டரோ அதைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பம்ப் ஓட்டும் தம்பிதான் குமாஸ்தாவிடம், "எங்க அக்கா பழைய மெஷினுங்களுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவ. கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டு வேலையை வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் இருவரும் ஒரே பைக்கில் வந்தார்கள். கேட்டில் இரண்டு பேருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வெடிமருந்து இருக்கும் இடத்தில் போனும் வேண்டாம், வயர்லெஸ்ஸும் வேண்டாம் என்பது சட்டம். அவளுக்கு வெளியாள் டோக்கன், மூன்றாம் நம்பர். அடுத்து தம்பியின் எண்பத்தெட்டு. தம்பி பள்ளத்தின் அடியில் தண்ணீர் இறைக்கப் போனான். அவள் அவர்கள் இருவருக்குமான டிபன் கேரியரை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த டேட்டாபேஸ் புரோகிராமுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். எழுதிய ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். எந்த பிரிண்டரோடு எப்படிப் பேசுவதென்று சொல்லும் டிரைவர் பட்டியலில் எழுபது பிரிண்டர்களின் பெயர் இருந்தது, வந்திருக்கும் பிரிண்டரின் பெயர்தான் இல்லை. அவள் அசரவில்லை. அதற்குச் சித்தப்பா முறையாகிற ஒரு பிரிண்டரின் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, ஒத்துவராத இடங்களில் கட்டளைகளைத் தானே தட்டி, பதினோரு மணிக்கெல்லாம் அதைப் பேச வைத்துவிட்டாள். எழுத்துகள் முத்து முத்தாக வந்தன.

ஒரே ஒரு குறை. புரோகிராம் பக்கத்துக்கு அறுபது வரி அனுப்பும். தாளில் இடமிருந்ததோ ஐம்பத்தெட்டு வரிக்குத்தான். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மிச்சம் இரண்டு வரி மட்டும் ஒரு வெள்ளைத்தாளின் தலையில் அநாதையாக வந்து நின்றது. குமாஸ்தா அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது? ரெண்டு வரிக்கு ஒரு தாளா? தாளு என்ன மரத்துலயா காய்க்குது?"

அப்படித்தான் சார் காய்க்குது என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு டிரைவரில் இன்னொரு கட்டளையைச் சேர்த்தாள். பக்கம் நிறைந்தாலும் தாளை மாற்றாதே, வருவதை அதிலேயே அடி என்று அர்த்தம். அடுத்த தடவை அநாதைத் தாள் வரவில்லை. மூன்று பக்கம், மூன்றே தாள். குமாஸ்தாவின் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. "கெட்டிக்காரிம்மா நீ!" என்றார். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது. அந்த இரண்டு வரிகள் எங்கே போயின என்று அவரும் கேட்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு நிஜப் பட்டியல் அடிக்கப்பட்டு வெடிக்காரர் கைக்குப் போனது. அவள் கேரியரை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். உள்ளே இடமில்லாததால் பின்பக்கத் திண்டில் உட்கார்ந்தாள். தம்பி வந்தால் சேர்ந்து சாப்பிடலாம். மேலே வருவதில் எப்போதும் அவன்தான் கடைசி. பம்ப் இரைச்சலில் அவனுக்குச் சைரன் காதில் விழாது, ஆள் போய்த் தோளைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் அவனே பெருமையடிப்பான்.

முதல் சைரன் ஊதியது. பன்னிரண்டே முக்கால்.

கேரியருக்கு அடியில் விரிக்கலாமென்று பையிலிருந்து வீணான தாள்களை எடுத்தாள். மேலாக இருந்தது அந்த அநாதைத் தாள். அதில் இரண்டே வரி:

வெளியாள் 3, கம்ப்யூட்டர்.
88, பம்ப்.

'அட, நம்ம ரெண்டு பேரும்தான்' என்று சிரித்துக்கொண்டாள். பில்லோடு வைப்பதற்காக எடுத்திருந்த நிஜப் பட்டியலின் காப்பியும் கையிலிருந்தது. அதில் தங்கள் வரி எங்கே இருக்கிறதென்று சும்மா பார்த்தாள். முதல் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு லாரிக்காரர். இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் பாறையில் துளை போடும் ஒருவர். அவர்களுக்கு நடுவில் வர வேண்டியவர்கள் தாங்கள் இருவரும். மேலேயிருந்து கீழே தேடினாள், கீழேயிருந்து மேலே தேடினாள். இல்லை.

அப்போதுதான் உறைத்தது. தாளின் அடி விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு அந்த பிரிண்டரால் அச்சடிக்க முடியாது. தாளை மாற்றாதே என்று அவள் சொன்னாள், அது மாற்றவில்லை. இரண்டு வரிகளையும் அந்த விரல் அகலத்தில் அடித்துவிட்டு, அடித்தாயிற்று என்று சும்மா இருந்துவிட்டது.

வெடிக்கு இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. தம்பி கீழே இருக்கிறான். அவன் கீழே இருப்பது வெடிக்காரரின் கையிலிருக்கும் தாளுக்குத் தெரியாது. போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆபீசிலிருந்து பள்ளத்துக்குச் சேதி சொல்லக் கால்களைத் தவிர வேறு வழியில்லை. சைரன்கூடக் கீழே பள்ளத்தின் வாயில் காவல் நிற்கும் கொடிக்காரம்மா கையால் சுற்றுவதுதான்.

கேரியரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அரைக் கிலோமீட்டர் இறக்கம், முழுக்கச் சரளைக்கல். நாற்பத்தைந்து வயதில் கடைசியாக எப்போது ஓடினோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். கல் குத்தியது தெரியவில்லை. கத்திப் பார்த்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. தம்பிக்கு ஏழு வயதாக இருந்தபோது குளத்தில் முங்கி எழத் தாமதமான ஒரு நாளில் கரையில் நின்று இப்படித்தான் கத்த முடியாமல் நின்றாள். அப்போதாவது அது அவள் தப்பு இல்லை.

பாதி இறங்குவதற்குள் இரண்டாம் சைரன் ஊதியது. இனி ஐந்து நிமிடம்.

பள்ளத்தின் வாயில் கொடிக்காரம்மா சிவப்புக் கொடியைக் குறுக்கே நீட்டினாள். "எங்கம்மா ஓடுற? செத்துப்போவ! திரும்பு!"

"நிறுத்துங்க... வெடிய நிறுத்துங்க. தம்பி உள்ள இருக்கான்."

"யாரும் இல்ல. எல்லாருக்கும் டிக் விழுந்தாச்சு. போ மேல!"

அவள் கொடியைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். கொடிக்காரம்மா அவள் கையை உடும்புப் பிடியாகப் பிடித்தாள். சத்தம் கேட்டு, தகரக் கொட்டகையிலிருந்து வெடிக்காரர் வெளியே வந்தார். நரைத்த மீசைக்காரர். இருபது வருடமாக ஒரு விரலுக்குக்கூடச் சேதம் வராமல் வெடி வைத்தவர் என்று பெயர்.

"யாரு இது? என்ன கலாட்டா?"

"அண்ணே, பம்ப் ஓட்டுறவனோட அக்கா நான். அவன் அடியில இருக்கான்."

"உன் தம்பி இன்னிக்கு லீவும்மா. லிஸ்ட்ல அவன் நம்பரே இல்ல. நானும் பாத்தேன், லீவு போட்டுட்டான்போலன்னு நினைச்சேன்."

"லிஸ்ட்டு தப்பு!"

"லிஸ்ட்டு தப்பா?" அவருக்குக் கோபம் வந்தது. "இருபது வருஷமா இந்த லிஸ்ட்ட நம்பித்தான் சாவியத் திருப்புறேன். வீட்டுல சண்டைன்னா வீட்டோட வச்சுக்கங்க."

அவர் கொட்டகைக்குத் திரும்ப ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார். டிரைவர், கட்டளை, விளிம்பு என்றெல்லாம் இந்த மனிதருக்கு இப்போது எப்படிப் புரிய வைப்பது? அழுகைதான் வந்தது. கையில் கசங்கிப்போன அநாதைத் தாள் இன்னும் இருந்தது. அதில் தன் வரியைப் பார்த்தாள்.

"அண்ணே! என்னைத் தேடுங்க. அந்த லிஸ்ட்ல என்னைத் தேடுங்க. வெளியாள் மூணு. காலையில கேட்டுல டோக்கன் குடுத்தாங்க, இந்தாங்க பாருங்க." கழுத்திலிருந்த டோக்கனைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "நான் உள்ளதான நிக்கிறேன்? எனக்கு டிக் போட்டீங்களா?"

வெடிக்காரர் நின்றார். டோக்கனைப் பார்த்தார். பட்டியலை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். மறுபடி முதல் பக்கம். விரல் கடைசி வரியில் வந்து நின்றது. தலை நிமிர்ந்தபோது அவர் முகம் செத்திருந்தது.

கொட்டகைக்குள் போய்ச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "கொடிய இறக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தானே பள்ளத்துக்குள் இறங்கினார்.

இருவரும் நின்றார்கள். கொடிக்காரம்மா பிடித்த கையை விடவில்லை, ஆனால் பிடி மாறியிருந்தது. கீழேயிருந்து பம்ப் சத்தம் மெலிதாக வந்துகொண்டிருந்தது. "இத்தன நேரமும் இது கேட்டுக்கிட்டுதான இருந்துச்சு" என்று கொடிக்காரம்மா முணுமுணுத்தாள். தினமும் கேட்கிற சத்தம், யார் காதில் விழும்? பிறகு பம்ப் நின்றது. அந்த அமைதி அக்காவை இன்னும் பயமுறுத்தியது.

தம்பி கையைத் துடைத்தபடி, வெடிக்காரருக்குப் பின்னால் சாவகாசமாக ஏறி வந்தான்.

"என்னக்கா, செருப்பு எங்க? சாப்பாடு எடுத்துட்டு இங்கயே வந்துட்டியா?"

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தான், மெல்லப் புரிந்தது, பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான்.

எல்லாம் முடிந்ததென்று கொடிக்காரம்மா பெருமூச்சு விட்டபோதுதான் அக்காவுக்கு அது நினைவுக்கு வந்தது. முதல் பக்கம் மட்டுமா நிறைந்தது? இரண்டாம் பக்கமும்தான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மெஷின் கோளாறு என்று போய்விடும், கூலியும் கைக்கு வரும். தன் ஆள் மேலே வந்தாயிற்று.

"அண்ணே" என்றாள். "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. இது மெஷின் தப்பு இல்ல. நான் பண்ணது."

அன்று வெடி வைக்கவில்லை. வெடிக்காரர் சாவியோடு ஆபீசுக்கு வந்து பிரிண்டர் பக்கத்தில் நின்றார். தம்பி கதவோரம் நின்றான். குமாஸ்தாவுக்கு விஷயம் தெரிந்து முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் டிரைவரைத் திறந்து, காலையில் சேர்த்த கட்டளையை நீக்கினாள். மூன்று தடவை தப்பாகத் தட்டினாள். பிரிண்டர் உறுமியது. முதல் பக்கம் வந்தது. அடுத்து, அவளும் தம்பியும் இருந்த தாள். அடுத்து இரண்டாம் பக்கம். அதன்பின் வெள்ளைத்தாள் ஒன்று மெதுவாக வெளியே வந்தது. எடுக்க அவளுக்குக் கை போகவில்லை. வெடிக்காரர்தான் எடுத்தார்.

"14, சமையல்" என்று படித்தார். ஜன்னல் வழியே கேன்டீன்காரர் பாத்திரம் கழுவுவது தெரிந்தது. கீழ்வரியை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. தாளை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

2, வெடி.

"நானே இல்லாத லிஸ்ட்டு" என்றார். "டிக் போட்டு முடிச்சிட்டேன். என்னைத் தேடணும்னு எனக்கே தோணல பாரு."

குமாஸ்தா ஸ்டேப்ளரை எடுத்து, அந்த இரண்டு வரித் தாள்கள் இரண்டையும் அதனதன் பக்கத்தோடு ஓரம் தப்பாமல் சேர்த்துத் தைத்தார். தாள் வீணாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வெடிக்காரர் தன் வரிக்கு ஒரு டிக் போட்டார். பிறகு பட்டியலைப் புரட்டி, பேனாவை அவளிடம் நீட்டினார்.

"எண்பத்தெட்டுக்கு நீயே போடும்மா."

அவள் பேனாவை வாங்கினாள். கதவோரம் நின்ற தம்பியை ஒருமுறை பார்த்தாள். குனிந்தவள், போடாமல் நிமிர்ந்து இன்னொரு முறை பார்த்தாள். அவன், "இருக்கேன்க்கா, போடு" என்றான். போட்டாள். கோட்டை நிறுத்தாமல் தாளின் அடி விளிம்புவரைக்கும் இழுத்துவிட்டாள்.