ஒரே மூச்சில் ஏறும் வண்டி

மேட்டின் பாதியில் வண்டி கைவிரித்துவிட்டது. முக்கி, உறுமி, நீலப்புகையை ஒரு பாட்டம் கக்கிவிட்டு மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது. செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த பெரியவள் தொப்பென்று குதித்து, தயாராக வைத்திருந்த மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். சக்கரம் கட்டையில் கொஞ்சம் ஏறிப் பார்த்துவிட்டு நின்றது.

"எறங்குங்கடி எல்லாரும். பெருசுக்கு இளைப்பு வந்துடுச்சு," என்றாள் வாயாடி.

மற்ற ஐந்து பெண்களும் இறங்கினார்கள். என்ன செய்வது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதிச் செங்கலை இறக்கிச் சாலையோரம் அடுக்க வேண்டும். மீதியோடு வண்டி மேலே கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கொட்டிவிட்டு வரும். அப்புறம் இறக்கியதை மறுபடி ஏற்ற வேண்டும். வண்டியை ஓட்டிவந்த சின்னவன் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகினான். ஆவி சீறிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாலையில் போன பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்தவர்கள் பார்ப்பதைப் பார்க்காதவன்போல நின்றான்.

அந்தப் பிக்கப் வண்டி பெரியவள், சின்னவன் இரண்டு பேரின் அப்பாவினுடையது. சூளையிலிருந்து செங்கல் ஏற்றியே அவர் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். சூளையில் எல்லோரும் அவரைப் பெருசு என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி வருஷம் அவரும் வண்டியும் போட்டி போட்டுக்கொண்டு இருமினார்கள். அவர் போன பிறகு பேர் வண்டிக்கு வந்தது. வண்டி இரண்டு பேருக்கும் வந்தது. பெரியவளின் புருஷன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போனவன்தான். இருக்கிறானா இல்லையா என்று கேட்பதை அவளே நிறுத்திவிட்டாள். தம்பி வீட்டில் இருந்துகொண்டு தம்பி ஓட்டும் வண்டிக்கே செங்கல் ஏற்றினாள்.

சூளையின் மேனேஜர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். இறங்கவில்லை.

"இது வண்டியா, வீடா? எப்பப் பாரு ஒரே எடத்துல நிக்குது."

"கொஞ்சம் சூடாயிடுச்சு சார். பத்து நிமிஷம்," என்றான் சின்னவன்.

"மேல கொத்தனாருங்க கல்லு இல்லாம கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்குத்தான் போன் வருது, உனக்கா வருது? மாசக் கடைசிக்குள்ள ஒரே மூச்சுல ஏறுற மாதிரி வண்டிய ரெடி பண்ணு. இல்லன்னா நான் லாரி பேசிக்கறேன். லாரிக்காரன் ஏத்துறவங்களையும் அவனே கூட்டிட்டு வருவான்."

கடைசி வாக்கியத்தைப் பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

மெக்கானிக்கை அந்தப் பக்கத்தில் டாக்டர் என்பார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அவர் பழக்கம். பெருசின் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு. சிலிண்டரக் கடைஞ்சு அகலமாக்கி பெரிய பிஸ்டன் போடணும். கிராங்கக் கடைசலுக்குக் கொடுக்கணும். பேரிங், ரிங்கு, பம்பு எதையும் விடக்கூடாது. ஆனா பழைய எஞ்சின்ன புதுசாக்குனாக்கூட இந்த மேட்டுக்குப் பத்தாது. டர்போ ஒன்னு மாட்டணும்."

"அது என்ன செய்யும்?" என்று பெரியவள் கேட்டாள்.

"வெளிய போற புகை வேகத்துலயே சுத்துற காத்தாடி. காத்த அமுக்கி உள்ள தள்ளும். இளைப்புக்காரனுக்கு இன்னொரு நுரையீரல் வெச்ச மாதிரின்னு வெச்சுக்கோயேன்."

"அப்பாவுக்கு வெச்சிருக்கலாம்," என்றான் சின்னவன்.

டர்போ பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதற்காகப் பெரியவளின் தையல் மெஷின் போனது. வீட்டில் விற்கக்கூடியதாக வேறு எதுவும் இருக்கவில்லை.

எஞ்சினை இறக்கியது வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில். மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டார்கள். லீவு நாள்தான், ஆனாலும் ஆறு பெண்களும் வந்துவிட்டார்கள். வண்டி ஏறாவிட்டால் யாருக்குமே வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாயாடி சங்கிலியை இழுக்க இழுக்க, எஞ்சின் கறுப்பு எண்ணெய் சொட்ட வண்டியின் வயிற்றிலிருந்து எழுந்து ஆடியது.

"ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா டாக்டர்?"

"கெழவன்தான் பொறந்திருக்கான். சிரிக்காம இழு, கால்ல விழுந்துடப் போவுது."

கழற்றிய பாகங்களைப் பெண்கள் பங்குபோட்டுக்கொண்டு டீசல் நிறைந்த தட்டில் தேய்த்தார்கள். பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரி, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதுபோலச் சுரண்டச் சுரண்ட வந்தது. பெரியவளுக்கு வால்வு வேலை. வால்வின் விளிம்பில் சொரசொரப்பான பசையைத் தடவி, அதன் இடத்தில் இறக்கி, மேலே ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்ட வேண்டும். வாயாடி எதிரே உட்கார்ந்து, ஆடாமல் இருக்க, வால்வுகள் உட்காரும் எஞ்சின் தலையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதலில் கரகரவென்று கேட்ட சத்தம் போகப் போக மெலிந்து, துணி உரசுவதுபோல ஆனது. துடைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக ஒரு வளையம். டாக்டர் அதில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து அடியில் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு எறங்கல. யாரு தேய்ச்சது?"

"நான்தான்," என்று வாயாடி முந்திக்கொண்டாள். பெரியவள் அவள் தொடையில் கிள்ளினாள். செங்கலைத் தவிர வேறொன்றைத் தன் கை நன்றாகச் செய்தது என்கிற சந்தோஷம் அன்று முழுக்க அவளுக்கு இருந்தது.

வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய நாளில் டாக்டரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். முழுப் பாரம். மேட்டின் அடிவாரம் வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெரியவள் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டாள். எஞ்சினுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. வண்டி தயங்கவே இல்லை. வழக்கமாக நிற்கும் இடம் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. உச்சியில் ஏறியதும் வாயாடி கத்திய கத்தலில் கொத்தனார்கள் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சின்னவன் இறங்கிவந்து, பானெட்டைத் தொட்டுப் பார்த்து, அப்படியே கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணைத் துடைத்ததைப் பெரியவள் மட்டும் பார்த்தாள்.

இரண்டாவது வாரத்தில்தான் பெண்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. சூடான எஞ்சின் ஆறும்வரை முன்பெல்லாம் சாலையோரம் கால் நீட்டி உட்காருவார்கள்; தண்ணீர் குடிப்பார்கள்; ஒருத்தி தலையை இன்னொருத்தி பார்ப்பாள். இப்போது எஞ்சின் சூடாகவே இல்லை. மேலே இறக்கி முடித்ததும் கீழே, கீழே ஏற்றி முடித்ததும் மேலே. இடையில் உட்கார ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"டாக்டருகிட்ட சொல்லி நமக்கும் ஒன்னு மாட்டிக்கணும்டி," என்று வாயாடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில், சாப்பாட்டு நேரத்தில், மேனேஜர் சின்னவனைக் கூப்பிட்டார். பெண்கள் கொட்டகையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை.

"நல்லா பண்ணியிருக்கேப்பா. அருமையான வேலை. இப்ப பாதி வழியில எறக்கி ஏத்துற வேலையே இல்ல. அப்புறம் ஆறு பேர் எதுக்கு? மூணு பேர் போதும்."

"சார், இருக்கட்டும் சார். அவங்களும் சேர்ந்துதான் எஞ்சின்ன..."

"எஞ்சின் உன்னுது. ஆளு என்னுது. யாரு மூணு பேருன்னு நீயே சொல்லிடு. யாரு வேலைக்காரின்னு உனக்குத்தானே தெரியும்."

சின்னவன் போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கொட்டகையில் யாரும் சாப்பிடவில்லை.

"தம்பி, என்னைய வெச்சுக்கிட்டா வண்டிக்குத் தனியா ரேடியோ வாங்க வேணாம்," என்று வாயாடி உரக்கச் சொன்னாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பெரியவள் குழாயடிக்குப் போய், சாப்பிடாத டிபன் பாக்ஸின் மூடியைக் கழுவினாள். தம்பி தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தாள். தன்னை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தாள். சின்னவன் பின்னால் வந்து நின்றான்.

"நீயே சொல்லுக்கா."

"நான் எப்படிடா சொல்றது?"

"உன்னைய எடுத்துட்டா வீட்ல மெஷினும் இல்ல. நீ என்ன பண்ணுவ?"

அவள் மூடியைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. என்னை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத் தனக்கு வாய் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சின்னவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான்.

"அக்கா. அப்புறம் மூத்தம்மா. அப்புறம் புதுப்பொண்ணு," என்றான் தரையைப் பார்த்து. மூத்தம்மா இருக்கிறவர்களில் வயதானவள், எதிர்த்துப் பேசமாட்டாள். புதுப்பெண் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, கை வேகம்.

பேர் வராத மூன்று பேரில் இரண்டு பேர் அழுதார்கள். வாயாடி அழவில்லை. சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். பெரியவளைக் கடந்து போகும்போது நின்றாள்.

"நான் புடிச்சுக்கிட்டேன். நீ தேய்ச்ச," என்றாள். அவ்வளவுதான். வாசல் தாண்டும்வரை பெரியவள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

அதன் பிறகு வீட்டில் அக்காவும் தம்பியும் வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள். ஆயில் மாற்றணும், பெல்ட் தளர்ந்திருக்கு என்று. சாப்பாடு போடும்போது அவன் கண்ணை அவள் பார்ப்பதில்லை, அவனும் பார்ப்பதில்லை. ஒருநாள் கடைத்தெருவில் வாயாடி எதிரே வந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்கப் பெரியவள் வாயெடுப்பதற்குள் அவள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மழைக்கு முன்னால் மேலே சுவர் வேலையை முடிக்க வேண்டும் என்றார்கள். மேனேஜர் ஒரு வெல்டரைக் கூட்டிவந்தார். வண்டியின் பக்கப் பலகைகளுக்கு மேலே இரும்புச் சட்டம் வைத்து, தகரம் அடித்து உயர்த்தினான் அவன். முன்பு இடுப்பளவு இருந்த பின்கதவும் சேர்ந்து உயர்ந்தது.

"இழுக்குற வண்டிக்கு ஏன் பாதி வயித்தக் காயப் போடணும்?" என்றார் மேனேஜர். "கூட ரெண்டு வரிசை தாங்கும். தாங்கும்தானே?"

"தாங்கும் சார்," என்றான் சின்னவன். உண்மைதான்; தாங்கும்.

மறுநாள் புதுப்பெண்ணை மேலேயே விட்டுவிட்டார்கள், இறக்கி அடுக்க. மூத்தம்மா சூளைக்கும் வண்டிக்கும் இடையே தலையில் சுமந்து நடந்தாள். வண்டியில் ஏற்றுவது பெரியவள் ஒருத்திதான். கீழ் வரிசைகளை உள்ளே ஏறி அடுக்கினாள். பின்கதவைச் சாத்தியதும் மேல் வரிசைகள் வெளியிலிருந்துதான் போக வேண்டும். கை நீட்டினால் தகரத்தின் விளிம்பு எட்டவில்லை. கீழே கிடந்த செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று, இரண்டிரண்டாகத் தூக்கிப் போட்டாள். விரல் நுனிகளில் தோல் போய்ச் செங்கலின் நிறமும் ரத்தத்தின் நிறமும் ஒன்றாகத் தெரிந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு இருமலும் இல்லாமல்.

கடைசிச் செங்கலைப் போட்டுவிட்டு அவள் இறங்கினாள்.

"போலாம்டா," என்றாள்.

சின்னவன் கியரைப் போட்டான். மேனேஜர் வண்டியின் பக்கவாட்டைத் தட்டி நிறுத்தினார்.

"அதையும் ஏத்து," என்று அவள் ஏறி நின்ற செங்கற்களைக் காட்டினார். "கணக்குல இருக்கறதுதானே அதுவும்?"

அவள் அந்த அடுக்கைக் கலைத்து ஒவ்வொன்றாக ஏற்றினாள்; ஏறி நிற்க ஒன்றும் மிஞ்சாதபோது குனிந்து கடைசிச் செங்கலை எடுத்தாள். தகர விளிம்புக்குக் கீழே குதிகாலைத் தூக்கி நின்று, இரண்டு கைகளையும் முடிந்தவரை மேலே நீட்டினாள். செங்கல் விளிம்பில் இடித்தது. பக்கக் கண்ணாடியில் தம்பியின் முகம் தெரிந்தது. அவன் நேர் முன்னால், மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் குதிகாலைத் தூக்கினாள்.