வெள்ளைக்குதிரைச் சீர்

சூளையிலிருந்து இறங்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் சுண்டி, காதருகே பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான் தேவநாதன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் தன் கண்ணைத் தாண்டி ஒரு கீறல்கூட வெளியே போனதில்லை என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். பளபளப்பு இருந்து கீறல் இல்லாவிட்டால் முதல் தரம். மற்றதெல்லாம் செகண்ட்ஸ். மனுஷனுக்கு அதில் அப்படியொரு தலைக்கனம்!

அன்றைக்கு அவன் மனசு தட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் அன்புக்கரசிக்குக் காதுகுத்து. தாய்மாமன் அவன்தான், சீர் கொண்டுபோக வேண்டியவனும் அவன்தான். போன வருஷம் அக்காவின் மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு காதுகுத்தில் பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வேலை முடிந்ததும் அக்கா வளர்மதியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, குதிரை வாடகைக்கு விடும் நல்லமுத்துவின் கொட்டகைக்குப் போனான். அங்கே இரண்டு குதிரைகள். ஒன்று குட்டையான செவலை. முழங்காலில் பழைய தழும்பு, வாயோரம் நரை. இன்னொன்று நெடுநெடுவென்று வளர்ந்த வெள்ளை.

"குழந்தைங்க ஏறுறதுன்னா செவலையத்தான் கேப்பாங்க சார். வெடிக்கும் மேளத்துக்கும் பழகுனது" என்றார் நல்லமுத்து. "வெள்ள இப்பதான் வந்துது. கூட்டத்துக்கு இன்னும் போவல. நீங்க ஆசப்பட்டா தரேன், நானே புடிச்சிக்கிட்டு வரேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டிய வாய், வியாபாரத்துக்காகத் தரேன் என்றது. அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்குண்டு.

செவலையின் மேல் உட்கார வைத்ததும் அன்பு அதன் பிடரியைத் தடவிச் சிரித்தாள். வெள்ளையின் மேல் வைத்தபோது அவள் கால் சேணத்தில் தொங்கிய மிதிவளையத்துக்கு எட்டவில்லை. குதிரை காதை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. "மாமா, எறக்கி வுடுங்க. எனக்குப் பயமா இருக்குது" என்று சேணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள பயப்படுதுடா தம்பி. செவலையே போதும்டா" என்றாள் வளர்மதி.

"நீ சும்மா இருக்கா. தழும்பும் நரையுமா இதுல ஏத்திக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும். ஒன் மாமியார் வூட்டுக்காரங்க முன்னாடி நீ தல நிமுந்து நிக்க வேணாமா?"

தட்டைப் பார்ப்பதுபோல வெள்ளையின் தோலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. முதல் தரம்! உயிருள்ள பிராணிக்குள்ளே என்ன இருக்கிறதென்று சுண்டிப் பார்க்க நகம் ஏது? கிட்டே போனபோது அது சட்டென்று தலையைத் தூக்கியதில் அவனே ஓரடி பின்வாங்கினான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பேண்டு வாத்தியம், சீர்த்தட்டு, வீடியோ, வெள்ளைக்குதிரை எல்லாம் தயாராக நின்றன. பட்டுப்பாவாடை வழுக்கி, குழந்தை சேணத்தில் நிலைகொள்ளாமல் சரிந்துகொண்டே இருந்தாள். தேவநாதன் யோசித்தான். தன் தோளில் கிடந்த புதுப் பட்டுத் துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிச் சேணத்தோடு கட்டிவிட்டான்.

"இப்ப எப்படி வுழுவ, பாக்கலாம்!" என்றான் பெருமையாக.

"மாமா, வேணாம் மாமா."

"கேமராவப் பாத்துச் சிரி கண்ணு."

தொழிற்பேட்டை வாசல் அருகே போகும்போது சரவெடியைக் கொளுத்தினார்கள். வெள்ளை முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழும்பியது. நல்லமுத்து கையிலிருந்த கயிறு உருவிக்கொண்டு போனது. அடுத்த கணம் குதிரை பஸ் போகிற சாலையில் பாய்ந்தது. சீர்த்தட்டுகள் சிதறின. வளர்மதி போட்ட அலறலில் பேண்டுச் சத்தமே நின்றுபோனது.

தேவநாதன் ஓடினான். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. விழுந்தாலாவது கைகாலோடு போகும், கட்டி வைத்திருக்கிறோமே! அந்தக் குதிரை சரிந்தால் அடியில் நசுங்கப்போவது குழந்தைதானே! ஐயோ, என் கையால கட்டினேனே, என் கையால கட்டினேனே என்று வாய் உளறிக்கொண்டே வந்தது.

பஸ் டிரைவர் நல்ல மனுஷன். ஹாரனைத் தொடாமல் ஓரமாக நிறுத்திவிட்டார். குதிரை மிரண்டு திரும்பி, தொழிற்பேட்டைக்குள் புகுந்து, ஒரு சூளைக்குப் பின்னால் கரைத்து ஊறவிட்டிருந்த களிமண்ணில் இறங்கியது. முழங்கால்வரை புதைந்ததும்தான் அதன் ஓட்டம் நின்றது. பின்னாலேயே வந்த நல்லமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். குதிரையும் வெடவெடவென்று நடுங்கியது.

துண்டின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. தேவநாதன் இழுத்த இழுப்பில் நகம் பிய்ந்தது. எங்கே மறுபடி பாயுமோ என்று பதறி, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தான். அன்பு அழவில்லை. கண் நிலைகுத்தியிருந்தது, பாவாடை நனைந்திருந்தது. "அன்பு, அன்பு" என்று கன்னத்தைத் தட்டினான். ஓடிவந்த வளர்மதி பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்த பிறகுதான் "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. தேவநாதன் களிமண்ணிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அதற்குள் சொந்தபந்தம் கூடிவிட்டது. அக்கா புருஷனின் பெரியப்பா சாமிக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவலல்ல? நல்ல நேரம் போவுதுப்பா. குதிரதான் அடங்கிடுச்சே, மண்டபத்து வாசல் வரைக்குமாவது ஏத்தி வுடு. சீர்னா கௌரவமா இருக்கணும் பாரு. வீடியோக்காரர் வேற நிக்கிறாரு."

தேவநாதன் எழுந்தான். சேறு வழிந்த கையோடு சாமிக்கண்ணுவைக் கும்பிட்டான்.

"பெரிய மாமா, பயமா இருக்குதுன்னு புள்ள வாயத் தொறந்து சொல்லுச்சு. நான் ஊரு என்னா சொல்லும்னு கேட்டுக்கிட்டிருந்தேன். புள்ள ஒக்கார்ற குதிரைய, அந்தப் புள்ளைய கேட்டுத்தான் எடுக்கணும். நம்ம கௌரவத்தக் கேட்டு எடுத்தா, தூக்கிக்கிட்டு வர்றதுக்குப் புள்ள இருக்காது. மொய் நோட்டுல எழுதிக்கிறவங்க எழுதிக்கிங்க, தாய்மாமன் சீரு நடந்துதான் வந்துதுன்னு."

அக்காவுக்குப் பின்னால் வெறுங்காலோடு மண்டபத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான்.